டீத்தண்ணீரில் நனைத்த உங்கள் கடிதம்

என் அன்பு மாஸ்டருக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தை நான் கிழித்துப் போட்டதாக ஊரில் பேசுகிறார்கள். பூம்பாறை பஸ்ஸில்கூட இதே பேச்சாம். "மாஸ்டர் சம்சாரத்துக்குப் புத்தி பெரண்டுபோச்சு, புருசன் கடுதாசியையே கிழிச்சுப்புட்டாக" என்று. பொய். உங்கள் நினைவுக் கூட்டத்தில், எல்லோரும் பார்க்க, பலகையிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கடிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

எடுக்காமல் என்ன செய்வது? போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் எழுதிய வெள்ளைத் தாள் அது. பலகையில் பழுப்பாகத் தொங்கியது. சுருங்கி, ஓரமெல்லாம் கருகி. யார் வேலை தெரியுமா? உங்கள் மாணவி ரீட்டா. இப்போது நீங்கள் வேலை பார்த்த பள்ளியிலேயே டீச்சர். கூட்டத்தில் மாட்டக் கேட்டாள் என்று நான்தான் கொடுத்திருந்தேன்.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. நாடகத்துக்கு சார் கத்துக்குடுத்த மாதிரியேதாங்க. டீத்தண்ணில நனைச்சு, அடுப்போரம் காயவெச்சு, ஓரத்த மெழுகுவத்தில காட்டுனோம். வின்டேஜா, பழங்காலத்துக் கடுதாசியாட்டம் இருக்கட்டும்னு."

"போன வருசம் செத்தவருக்கு எதுக்குடி வின்டேஜு? கீழ ஜெராக்ஸ் கடை இருக்குல்ல?"

விசும்பினாள். விசும்பட்டும்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் குடிக்கணக்கெடுக்கச் சொல்லி வாசிப்பார்களே, அந்தச் சீசரின் கட்டளை ஓலையை நம் அடுப்படியில்தானே செய்வீர்கள்? என் டீத்தூள், என் மெழுகுவர்த்தி. ஆணி துருப்பிடிக்க என் வினிகர். புதுப் பெட்டி பழையதாக உங்கள் ஷூ பாலிஷ். பொய்யை நிஜமாகக் காட்டப் பிள்ளைகளுக்கு அத்தனையும் சொல்லிக்கொடுத்தீர்கள். நிஜத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

மேல் ஓரம் முழுக்கப் போய்விட்டது. அங்கேதான் ‘பிலோ’ என்று எழுதியிருந்தீர்கள். மற்றவர்களுக்கு நான் மிஸஸ், ஆன்ட்டி, மாஸ்டரம்மா. அந்தப் பெயரை எழுத இனி யார் இருக்கிறார்கள்?

இந்த டிசம்பரில் சீசரின் கட்டளையை நானே செய்வேன், ரீட்டாவைப் பக்கத்தில் நிற்க வைத்து. எதை நனைக்கலாம், எதை நனைக்கக் கூடாது என்பதை அவள் கற்றுக்கொள்ளாமல் விடமாட்டேன். இது வாக்கு.

நீங்கள் பதில் எழுதுங்கள். வெள்ளைத் தாளில், மேலே என் பெயர் போட்டு.

உங்கள் மனைவி,
பிலோ