அவைக்குறிப்பில் இல்லாத துணைக் கேள்வி

எதிலும் என்னை முந்திக்கொண்டு போய்விடுகிற என் அண்ணனுக்கு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரே ஊரில், சைக்கிளில் பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு யார் கடிதம் போடுவார்கள்? நீ பேசியதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். உனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை.

அண்ணி நலம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்குகிறோம். நீ இருந்தபோது உன்னிடம் காட்டாத கண்டிப்பையெல்லாம் அவள் இப்போது மீன்காரம்மாவிடம் காட்டுகிறாள்.

இதை நான்கு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அதனால் அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் புதுச்சேரி சட்டசபையில் சுருக்கெழுத்தாளர். சபாநாயகருக்கு முன்னால் இருக்கும் மேசையில் உட்கார்ந்து, பேசுவதைப் பேசியபடியே எழுதுவது என் வேலை. பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை மாறி உட்காருவோம். நீ அதே சபையில் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்த உறுப்பினர். முப்பது சொச்சம் பேர் உட்காருகிற சபை, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தமாக இருக்கிற ஊர். யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. செயலாளர் மட்டும் ஒருமுறை கூப்பிட்டு, "சங்கடமா இருந்தா சொல்லும்மா, டர்ன் மாத்திக்கலாம்" என்றார். எனக்கென்ன சங்கடம் என்று சொல்லிவிட்டேன். வீறாப்பு நம் குடும்பத்துச் சொத்தாயிற்றே.

நீ ஜெயித்து வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? பாண்டிச்சேரி என்று அச்சடித்த தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, புதுச்சேரி என்று போட்ட தாள்கள் வரக் காத்திருந்தோம். உன் முதல் கேள்வி நாம் வளர்ந்த தெருவைப் பற்றியது. மில் ஆட்களுக்காக எப்போதோ போட்ட குடிநீர்க் குழாய், சாக்கடை வாய்க்காலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மழை நாளில் எது எதற்குள் போகிறது என்றே தெரியாது. வருடம் தவறாமல் வீட்டுக்கு ஒருவர் காமாலையில் படுத்தார்கள். குழாய் ஒரு துறை, வாய்க்கால் இன்னொரு துறை. இரண்டு துறைக்கும் நடுவில் தெரு கிடந்தது.

கேள்வியை நீ ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தாய். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, அதாவது அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அமைச்சர் எழுந்து, அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். "அரசின் பரிசீலனையில் உள்ளது." இந்த மூன்று சொல்லுக்கு மட்டும் நான் தனியாக ஒரு குறி வைத்திருக்கிறேன், ஒரே கோடு. அத்தனை தடவை எழுத வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் உறுப்பினருக்கு உண்மையான வேலை. பதிலில் இருக்கும் ஓட்டையைப் பிடித்து, துணைக் கேள்வி கேட்டு அமைச்சரை ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும். நீ என்ன செய்தாய்? அப்பாவின் மில்லில் சங்கு ஊதியதிலிருந்து ஆரம்பித்தாய். "கேள்வி கேளுங்க, சொற்பொழிவு வேணாம்" என்றார் சபாநாயகர். நீ நிறுத்தவில்லை. கடைசியில், "அமைச்சர் நல்ல மனுஷன், செஞ்சி குடுப்பாருன்னு நம்பறேன், நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தாய். அமைச்சரும் எழுந்து "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நன்றி சொன்னால் கேள்வி முடிந்தது என்று அர்த்தம். புது உறுப்பினர்கள் பாதிப் பேர் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். சபையில் மரியாதையாகப் பேச வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். உனக்கு அது தெரியவில்லை. தெருவில் உனக்கு மாலை போட்டார்கள், நீயும் கழுத்தை நீட்டினாய்.

நான்கு நாள் கழித்து ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாய். உன் பேச்சைத் தட்டச்சு செய்து, பிழை பார்க்க உனக்கு அனுப்பியிருந்தோம். அந்தத் தாள் உன் கையில் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தாய். ஆறு மாதத்துக்குள் குழாயை மாற்றித் தருவதாக அமைச்சர் சொன்னதாக ஒரு வரி.

"இத மட்டும் சேத்துடு."

"அவரு இத சொல்லலியேண்ணே."

"சொன்னாரு. வெளிய லாபில, டீ குடிக்கறப்ப. நாலு பேரு கேட்டாங்க."

"லாபி சபை ஆவுமா? சபைல சொன்னதத்தான் நான் எழுத முடியும். டேப்பு வேற இருக்குது."

"அந்த டேப்ப எவன் போட்டுக் கேக்கப் போறான்? இது குறிப்புல ஏறிட்டா அவரால தப்பிக்க முடியாது. உறுதிமொழிக் குழு புடிச்சிக்கும். நான் ஒண்ணும் பொய் எழுதச் சொல்லல, சொன்னத எழுதச் சொல்றேன்."

நீ சொன்னதில் பாதி சரிதான். அமைச்சர் சபையில் தருகிற வாக்கை, உறுதிமொழிக் குழு என்று ஒன்று பொறுக்கி எடுத்து, நிறைவேறும் வரை துறையை விடாமல் கேட்கும். அதைச் சபைக்கு வந்து ஆறு மாதத்தில் நீ கற்றுக்கொண்டிருந்தாய். ஆனால் இன்று உனக்காக ஒரு வரியைச் சேர்த்தால், நாளை அமைச்சருக்காக ஒரு வரியை எடுக்க வேண்டும். அதைத்தான் சொன்னேன். நீ எழுந்துவிட்டாய்.

"அந்தத் தெருத் தண்ணிய குடிச்சித்தான் நீயும் வளந்த. மேசை கெடச்சதும் மறந்துட்ட."

டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நீ என்னிடம் பேசவில்லை. சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். உப்பு வேண்டுமா என்று கேட்கக்கூட அண்ணியைத்தான் தூது அனுப்பினாய். உனக்குச் சொல்லவா? எனக்கு வலித்தது. ஆனால் அந்த வரியைச் சேர்த்திருக்கலாமோ என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இரண்டும் உண்மை.

அந்த மழைக்கும் தெருவில் ஆறேழு பேர் காமாலையில் படுத்தார்கள். ஆறு மாதம் என்று டீ குடித்துக்கொண்டே சொன்னவர் அதை மறந்தே போயிருந்தார்.

மறு வருடம் அதே கேள்வியை மறுபடி கொடுத்தாய். கேள்விகளின் வரிசையை முடிவு செய்கிற குலுக்கலில் நான்காவதாக வந்தது. மூன்றாவது கேள்வியில் ரேஷன் அரிசி விவகாரம் வெடித்து, உன் கட்சிக்காரர்கள் கோஷம் போட்டு வெளிநடப்பு செய்தார்கள். கட்சி எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும், அதுதான் வழக்கம். போகிற அவசரத்தில் உங்கள் தலைவர் உன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நீ எழவில்லை. நீ வெளியே போயிருந்தால் கேள்வி எண்ணைக் கூப்பிடும்போது ஆள் இருக்காது, எழுத்துப் பதிலோடு கதை முடிந்துவிடும். அந்தப் பக்கம் முழுவதும் காலி நாற்காலிகள், நடுவில் நீ ஒருவன். அதற்காகக் கட்சி உன்னிடம் விளக்கம் கேட்டதும், நீ பதிலே போடாததும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அப்போது என் முறை தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அமைச்சர் படித்தார். "பரிசீலனையில் உள்ளது." நான் கோடு போட்டேன். நீ எழுந்தாய். சங்கும் இல்லை, அப்பாவும் இல்லை.

"அமைச்சர் அந்தத் தெருவுக்கு வந்து பாத்துருக்காரா?"

"அதிகாரிகள் பார்வையிட்டிருக்கிறார்கள்."

"கொழாய மாத்தற வேலைய எந்தத் துறை செய்யும்?"

அமைச்சர் அதிகாரிகள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "எங்கள் துறையே செய்யும்."

"எப்ப முடியும்?"

"கூடிய விரைவில்."

"கூடிய விரைவில்னா? தீபாவளிக்கா, பொங்கலுக்கா?"

ஆளுங்கட்சி வரிசையிலேயே சிரித்துவிட்டார்கள். அமைச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தீபாவளிக்குள்ள முடிச்சிக் குடுக்கப்படும். போதுமா?"

நீ நன்றி சொல்லவில்லை. உட்காரவும் இல்லை. அமைச்சரை விட்டுவிட்டு என் மேசைப் பக்கம் திரும்பினாய்.

"எழுதிட்டியாம்மா?"

சபை முழுக்கச் சிரிப்பு. "உறுப்பினர் என்னப் பாத்துதான் பேசணும், ஊழியர்கள்கிட்ட பேசக் கூடாது" என்றார் சபாநாயகர். நீ அதற்கும் உட்காரவில்லை. என் பேனா நின்ற பிறகுதான் உட்கார்ந்தாய். நான் தலையைத் தூக்கவில்லை.

ஒரு வருடத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசியது அந்த ஒரு வார்த்தை. எனக்குக் காது சுட்டது. குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். அன்று எழுத மறுத்தாயே, இன்றாவது எழுதினாயா என்று, அத்தனை பேர் முன்னால் கேட்பதாக நினைத்தேன்.

மறுநாள் அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். தீபாவளிக்குள் முடிக்க முயற்சி எடுக்கப்படும் என்று மாற்றித் தரச் சொன்னார். "சின்னத் திருத்தம்தான் மேடம்" என்றார். உனக்குச் சொன்ன அதே பதிலை அவருக்கும் சொன்னேன். டேப் இருக்கிறது என்றேன். டீ குடிக்காமலே அவரும் போய்விட்டார்.

அதற்கு நாற்பது நாள் கழித்து, காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் வந்தபோதும் என் முறைதான். மாற்றித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். அந்த அமைச்சரே உன்னைப் பற்றி நன்றாகப் பேசினார். "உறுப்பினர்கள் அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினர்" என்று எழுத வேண்டும். எழுந்து நின்றுவிட்டு, பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

உறுப்பினர் இறந்துபோனால் அவர் கொடுத்து வைத்த கேள்விகள் காலாவதியாகிவிடும். அமைச்சர் கொடுத்த வாக்கு காலாவதியாகாது. உறுதிமொழிக் குழு அதிகாரிகளை மூன்று தடவை கூப்பிட்டு உட்கார வைத்தது. தீபாவளிக்கு முடியவில்லை, பொங்கல் கழிந்துதான் முடிந்தது. புதுக் குழாய் வாய்க்காலை விட்டு விலகி, தெருவின் மறுபக்கமாகப் போகிறது. இந்த மழைக்கு நம் தெருவில் யாரும் காமாலையில் படுக்கவில்லை. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். பேனரில் உன் படம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னாள். அந்த ஒரு வருடமும் நீ என்ன செய்தாய் என்று. அவைக்குறிப்பு நூல்களைக் கட்டுக் கட்டாக வீட்டுக்கு எடுத்துப்போய், யார் எப்படிக் கேட்டு எந்த அமைச்சரை மடக்கினார்கள் என்று படித்துக்கொண்டிருந்தாயாம். அண்ணியை அமைச்சராக உட்கார வைத்து, துணைக் கேள்வி கேட்டுப் பழகினாயாம்.

"நான் அமைச்சரா இருந்து 'ஆவட்டும் பாக்கலாம்'னு சொல்லுவேன். விடவே மாட்டாரு" என்று சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஒன்னப் பத்தி இன்னா சொன்னாரு தெரியுமா? அமைச்சர் சொன்னா பத்தாது, என் தங்கச்சி எழுதுனாத்தான் சொன்னதா அர்த்தம்னு. அவ எழுதி முடிக்கற வரைக்கும் நான் ஒக்கார மாட்டேன்னு" என்றாள்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

அண்ணே, இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்றைய அவைக்குறிப்பில், "போதுமா?" என்று அமைச்சர் கேட்பதோடு உன் கேள்வி முடிகிறது. நீ என்னிடம் கேட்டது அதில் இல்லை. சபாநாயகர் நீக்கச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நானாக விட்டுவிட்டேன். உனக்காக ஒரு வரி சேர்க்க மாட்டேன் என்று நியாயம் பேசியவள், கோபத்தில் உன் வார்த்தையை எடுத்துவிட்டேன். இத்தனை வருட வேலையில் நான் செய்த ஒரே திருட்டு அது. புத்தகம் அச்சாகி, டேப்பில் வேறு பேச்சு ஏறியாகிவிட்டது. இனி திருத்த வழியில்லை. இதைப் படிக்கிறவர்களாவது தெரிந்துகொள்ளட்டும், அன்று உறுப்பினர் ஐந்து துணைக் கேள்விகள் கேட்டார்.

நான்குக்குப் பதில் கிடைத்தது. ஐந்தாவதுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இனி அந்த மேசையில் யார் எதைச் சொன்னாலும், என்னையே ஏசினாலும், ஒரு சொல் விடாமல் எழுதுவேன். இது வாக்கு, நீ குறித்து வைத்துக்கொள்.

எழுதிட்டேண்ணே.

உன்னோடு ஒரே தண்ணீர் குடித்து வளர்ந்த
உன் தங்கச்சி
செல்வி