மூடிச் சிலந்தி இருக்கும் கரை

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள். தேயிலைத் தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிக்குப் போன வருடம். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கூரைத் தகரம் மாற்றியதும் இதே வருடம்தான். எனக்கு எழுத வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மண்ணுக்குள் வளை தோண்டி, வாசலுக்கு மூடி போட்டு வாழும் சிலந்தியைத் தேடி, யாழ்ப்பாணத்து சார் ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். ஆற்றோரத்து மண்கரைக்குக் கூட்டிப்போனேன். பாசி படிந்த மூடியை அவர் ஈர்க்கால் நெம்பினார். சிலந்தி உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்தது.

“மலை முழுக்கத் தேடினன் ஐயா. இங்க மட்டும் ஏன் இவ்வளவு?” என்றபடி சிறு மண்வெட்டியை எடுத்தார்.

“வெட்டாதீங்க சார், பாம்பு இருக்கு.”

அவர் சிரித்தார். “பாம்புக்குப் பயந்தா இந்த வேலை செய்யேலாது.”

மண்வெட்டி மண்ணைத் தொட்டதும் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“பேரு வைக்கிறதுக்கு முந்தி செத்த புள்ளைங்கள இங்கதாங்க பொதச்சோம். அதுனால அந்தக் காலத்துல தண்ணி போற கான் வெட்டுனவங்க யாரும் இந்தக் கரையில மம்பட்டி போட்டதில்ல. என்னோடதும் ரெண்டு இருக்கு.”

சார் மண்வெட்டியைப் பைக்குள் வைத்தார். “இது வேற ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டார்.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். என்னோடு குழி வெட்டிய பெருமாள் இப்போது உயிரோடு இல்லை. பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொடுத்த மருத்துவச்சி ராக்காயி இல்லை. என் மனைவியும் போய்விட்டாள். என்னை விட்டால், மூன்று பிள்ளைகளை அங்கே கொடுத்துவிட்டு இப்போது றொசல்லயில் மகன் வீட்டில் இருக்கும் செல்லம்மா ஒருத்திதான்.