குருத்தோலை அவிழ்த்த சாக்கு

1969 செப்டெம்பர் 14, ஞாயிறு

அரசாங்கம் பௌத்தரின் போயா நாளை லீவாக்கி ஞாயிற்றை வேலை நாளாக்கிய பிறகு பூசைக்கு வருகிறது பெண்டுகளும் கிழவர்களும்தான். சாமியாரும் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார். நல்லதுதான். வந்ததும் பட்டடையைத் திறந்து நெல் சாக்குகளை முற்றத்தில் இறக்கி வெயில் காட்டினேன்.

சாப்பாட்டு நெல் ஒரு பக்கம், விதை நெல் ஒரு பக்கம். விதைச் சாக்கின் கழுத்தில் குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலைச் சிலுவையைக் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். அது கட்டிய சாக்கில் யாரும் கைவைக்க மாட்டார்கள். அடுப்பில் பூனை படுத்தாலும் அந்த நெல்லை அவிக்க மாட்டோம். உவர்வெள்ளை விதை ஒரே ஒரு சாக்குத்தான் இருக்கிறது. பார்வைக்குச் சாப்பாட்டு நெல் மாதிரித்தான். ஆனால் ஆற்றில் உப்புத் தண்ணீர் ஏறுகிற காலத்தில் எங்கள் ஆற்றோரத்துக் கீழ்வரவை வயலில் உயிரோடு நிற்கிறது அது மட்டும்தான்.

செப்டெம்பர் 25, போயா

வட்டவிதானையார் கூட்டம் முடிந்து வந்தார். இப்போது இராயப்பு என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது. வாய்க்கால் தண்ணீரைத் திறந்து அடைக்கிற பெரிய மனிதர் அல்லவா! கட்டின எனக்கும் அப்படித்தான் கூப்பிடத் தோன்றுகிறது.

இந்த மாரிக்கு வட்டை வயல் முழுக்கப் புதிய நெல்லாம். விவசாயக் குழு முடிவெடுத்துவிட்டது. மூன்றரை மாதத்தில் வெட்டு, அதோடு தண்ணீர் நிற்கும். பழைய விதை வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, அளவுக்கு அளவு புதிய விதை வாங்க வேண்டும். மாட்டேன் என்பவனுக்குப் உரப் பசளையும் இல்லை, வாய்க்கால் தண்ணீரும் இல்லை.

"வாங்கிற பழைய விதைய என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"மில்லுக்குப் போகும். வேற என்ன?"

"நீங்களும் கை தூக்கினீங்களா?"

"தூக்காம? நான் வட்டவிதானை கா!"

"காணி என்ர சீதனம்."

"குழுவில கிடக்கிறது என்ர பேர்."

அதுதான் உண்மை. அம்மா எனக்குத் தந்த காணி, நான் மகள் மேர்சிக்குக் கொடுக்கப் போகிற காணி. இடையில் கை தூக்குகிறது மட்டும் அவர். எனக்கு அந்தக் கூட்டத்தில் பாயும் இல்லை, வாயும் இல்லை.

செப்டெம்பர் 28

மறுபடியும் சண்டை. மேல்வரவைக்குப் புதிய நெல்லைப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. அது நல்லாய் விளையும் என்று எனக்கும் தெரியும், நான் என்ன கண் தெரியாதவளா? கீழ்வரவையை மட்டும் விடுங்கள் என்றேன். ஒரேயொரு வரவை.

"உனக்கு விட்டா நல்லரத்தினத்துக்கும் விடோணும். நேத்துத்தான் அவன்ர வாய்க்கால அடைச்சிட்டு வந்தன். என்ர முகத்தப் பார்த்து அவன் காறித் துப்பேல்ல, அவ்வளவுதான்."

நல்லரத்தினம் பழைய விதையைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றவர். அவருக்கு அடைத்த கை எனக்கு எப்படித் திறக்கும்? இவரும் அகப்பட்டுத்தான் இருக்கிறார். ஆனால் எரிச்சல் அடங்கவில்லை. மத்தியானம் கறிக்கு உப்புப் போடாமல் வைத்தேன். முழுதையும் தின்றுவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 2

ஏறாவூரிலிருந்து ஆயிஷா உம்மா வந்தா. அக்கா முறை, ராத்தா என்பேன். முகைதீன்பாவாவின் பெண்சாதி. அவர்களுக்கு ஆற்றோரமாக ஒரு துண்டுக் காணி இருக்கிறது. மழையை நம்பின நிலம், வாய்க்கால் போகாது. குழுவும் போகாது. பாக்கியசாலிகள்.

"புள்ள, உவர்வெள்ளை ரெண்டு மரைக்கால் தாவன். வெட்டினதும் கொண்டாந்து தாறன்."

இருக்கிறதே ஒரு சாக்கு. இவவுக்கு இப்போதுதானா நினைவு வந்தது? மனசுக்குள் புறுபுறுத்துக்கொண்டுதான் அளந்தேன். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. விதை கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் அம்மா குழிக்குள்ளிருந்து எழும்பி வந்து ஏசுவா. ஆயிஷா ராத்தா வாங்கின நெல்லில் ஒரு பிடி அள்ளித் திரும்ப என் சாக்கில் போட்டா. "குடுத்த வீடு வெறுமையாகக் கூடாது" என்றா. அது ஒரு முறை, எல்லோரும் செய்கிறதுதான். என் கோபம் அந்தப் பிடியால் ஆறவில்லை.

ஒக்டோபர் 6

நாளைக்கு விதை சேர்க்க வருகிறார்களாம். முதல் வீடு வட்டவிதானை வீடாம். மற்றவர்களுக்கு முன்மாதிரி!

எங்கே ஒளிப்பேன்? கிணற்றடியிலா, கூரையிலா? வீடு முழுக்க அவர் கண். கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஓலைச் சிலுவையை அவிழ்த்தேன். சாக்கைப் பட்டடைக்குள் சாப்பாட்டு நெல் சாக்குகளோடு சாக்காகச் சாத்தி வைத்தேன். அதே கயிறு, அதே முடிச்சு. மாதா மன்னிக்கட்டும். சிலுவை இப்போது என் பெட்டிக்குள் புடவைக்கு அடியில் இருக்கிறது.

அவருக்குச் சொன்னேன்: "உவர்வெள்ளை வண்டடிச்சுப் போச்சு. கோழிக்குக் கொட்டிட்டன்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கோழிக்கா? நீயா?" என்றார். நம்பினாரா? நம்பினார் போலத்தான் இருந்தது.

ஒக்டோபர் 9

டவுனிலிருந்து மருமகன் ஆள் அனுப்பியிருக்கிறார். மேர்சியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

ஒக்டோபர் 12

பெண் குழந்தை! கறுப்பு, மூக்கு என் அம்மாவின் மூக்கு. மேர்சி சுகம். காணிக்கு ஆள் வந்துவிட்டது என்று தாதிமாருக்குச் சொல்லிச் சிரித்தேன். அவர்களுக்கு விளங்கவில்லை.

ஒக்டோபர் 26

முந்தாநாள் வீட்டுக்கு வந்தேன். எழுதக் கை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லைதான். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

முற்றத்தில் பாய் விரித்து அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல மணம். ஞானஸ்நானச் சாப்பாட்டுக்கு நான் வந்து கஷ்டப்படக் கூடாதென்று அவரே ஆள் பிடித்து அவித்திருக்கிறார். நெல் அவித்த கிடாரத்தைத் தானே கழுவிக் கவிழ்த்தும் வைத்திருக்கிறார். கலியாணம் கட்டின நாளிலிருந்து அடுப்படிப் பக்கம் வராத மனுஷன்! முகம் முழுக்கச் சிரிப்பு. "பேத்திக்கு எண்டு செய்தன்" என்றார்.

பட்டடைக்கு ஓடினேன். முன்னுக்கு இருந்த சாக்குகள் இல்லை, அவற்றோடு உவர்வெள்ளையும் இல்லை.

அவிச்சுப் போட்டார். ஐயோ, அவிச்சுப் போட்டார். பாயில குந்தி நெல்ல அள்ளி அள்ளிப் பார்த்தன். எல்லாம் வாய் பிளந்து கிடக்கு. எந்த நெல் எது எண்டு எனக்கே தெரியேல்ல. ஒரு மணியாவது பச்சையாத் தப்பியிருக்காதா எண்டு தேடினன். ஒண்டும் இல்ல.

"என்ன கா? என்ன தேடுறாய்? நல்லா அவியேல்லயா?"

என்னத்தைச் சொல்ல? கோழிக்குக் கொட்டினேன் என்று சொன்ன வாய். சிலுவையை அவிழ்த்தது என் கை. இவரை ஏசவும் முடியவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை. "நல்லாத்தான் அவிஞ்சிருக்கு" என்றேன். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே நின்றேன்.

நவம்பர் 2

ஞானஸ்நானம் நடந்தது. எல்லோரும் சோற்றைப் புகழ்ந்தார்கள். நான் சாப்பிடவில்லை. தலையிடி என்றேன்.

நவம்பர் 9

கீழ்வரவையிலும் புதிய நெல் விதைத்தாயிற்று. வரம்பில் நின்று பார்த்தேன். என் காணி, அடுத்தவர் காணி மாதிரி இருந்தது.

நவம்பர் 23

அவருக்குத் தெரிந்துவிட்டது. சட்டை தேடி என் பெட்டியைத் திறந்திருக்கிறார், ஓலைச் சிலுவை கையில் பட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"கோழிக்குக் கொட்டேல்ல, என்ன?"

"இல்ல."

"நானா அவிச்சது?"

"ஓம்."

சிலுவையைச் சுவரில் ஆணியில் கொழுவிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். கோபித்து நாலு சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். இப்படி ஒரு வீட்டில் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

டிசம்பர் 20

மேல்வரவை பச்சைப் பசேலென்று நிற்கிறது. கண்பட்டுவிடும் போல. குறை சொல்ல மாட்டேன், குழுக்காரர் சொன்னது அங்கே சரிதான். கீழ்வரவையும் இப்போதைக்கு நல்லாய்த்தான் இருக்கிறது.

1970 ஜனவரி 22

மழை நேரத்தோடு நின்றுவிட்டது. ஆற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

பெப்ரவரி 6

கீழ்வரவை முடிந்தது. நுனி மஞ்சளாகி, பிறகு சிவந்து, பால் கட்ட முன்னமே கருகிவிட்டது. எங்களுடையது மட்டுமல்ல, ஆற்றோரம் இருக்கிற எல்லோருடையதும். நல்லரத்தினம் வரம்பில் இவரைக் கண்டு, "விதானையார், இப்ப எந்த வாய்க்கால அடைக்கப் போறீங்க?" என்று கேட்டாராம். நாலு பேருக்கு முன்னால். இவர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து என்னிடம் அதைச் சொன்னார், அதுதான் எனக்கு ஆச்சரியம். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவராக வந்து பேசினது அது.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. நான் சொன்னது சரியென்று யாருக்குக் காட்ட? கையில் விதை இல்லை. அடுத்த மாரிக்கும் இதே நெல், அதற்கடுத்த மாரிக்கும் இதே நெல், அதே கருகல். பேத்திக்குக் கொடுக்கப் போவது உப்பு மண்.

மார்ச் 19

ஆயிஷா ராத்தா வந்தா! தலையில் சாக்கு. நான் மறந்தே போனேன். கடவுளே, நான் புறுபுறுத்து அளந்து கொடுத்த ரெண்டு மரைக்கால்!

"எங்கட துண்டுல நல்லா நிண்டுது புள்ள. இந்தா, ஒன்ட நெல்லு. ஏன் அழுறாய்? அல்லாவே, என்னத்துக்கு அழுறாய்?"

முழுக் கதையையும் சொன்னேன். சிலுவை, கோழி, கிடாரம் எல்லாம். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டா. பிறகு ரெண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமா அது? ஆனால் சிரித்தோம்.

இந்த முறை வாங்கினது நான். ஒரு பிடி அள்ளி அவவின் சாக்கில் திரும்பப் போட்டேன்.

மார்ச் 22, குருத்து ஞாயிறு

புதிய ஓலை, புதிய சிலுவை. விதைச் சாக்கில் கட்டி எல்லோருக்கும் தெரியக் கூடத்தில் வைத்தேன். இனி ஒளிக்க மாட்டேன். அவர் வந்தார், பார்த்தார், அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

ஒக்டோபர் 4

மறுபடியும் கூட்டம். மறுபடியும் வட்டை முழுக்கப் புதிய நெல், பழைய விதையைக் கொடு, இல்லையென்றால் தண்ணீர் இல்லை. கருகினதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். "நீங்க?" என்று கேட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கூடத்தில் சாக்கு இருக்கிறது. வருவார்கள். இவர்தான் தூக்கிக் கொடுப்பார், வேறென்ன செய்வார்? நான் அதன் மேல் ஏறி உட்காரவா?

ஒக்டோபர் 18, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது நல்லரத்தினத்தின் பெண்சாதி மார்கிறட் வழி மறித்தா. "ஒங்கட மனுஷன் நேத்து விதானை வேலைய விட்டிட்டாராம், தெரியுமா? குழுவில போய், வேற ஆளப் பாருங்க எண்டு சொன்னாராம்."

எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் விட்டார்? வேகமாக வந்தேன்.

கூடத்தில் சாக்கு வெறுஞ்சாக்காய்க் கிடந்தது. ஓலைச் சிலுவை ஆணியில் தொங்கியது. வெளியே எட்டிப் பார்த்தால் அடுப்புக் கல்லில் கிடாரம், நிறைய நெல், விளிம்பு வரை தண்ணீர். என் உயிர் போய்விட்டது. அவிக்கப் போறார், மறுபடியும் அவிக்கப் போறார் எண்டு ஓடினன். ஓடிப் போய்க் கையை முழங்கை வரை விட்டேன்.

பச்சைத் தண்ணீர். அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

வேலியடியில் குந்தியிருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "விடியத்தான் ஊறப் போட்டன். நாளைக்குத் தண்ணிய வடிச்சுச் சாக்குல கட்டிவை கா. முளை வந்ததும் கீழ்வரவைக்குக் கொண்டுபோவம்" என்றார்.

"வாய்க்கால அடைப்பாங்களே?"

"அடைக்கட்டும், மழை இருக்கு. அடைக்கப் போறது நானில்லத்தானே."