எனக்காகப் பட்டினி

அன்புத் தங்கச்சிக்கு,

திண்டிவனத்தில் புதுவருட உபவாச ஜெபம் நடக்கிறது. எனக்குக் குழந்தை வேண்டிச் சபையே பட்டினி கிடக்கிறது. சுகர் இருக்கிற என் மாமியாரும் தண்ணீரோடு சரி. "உன் மடியில புள்ளய பாக்கத்தான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கேம்மா" என்கிறார். சாப்பிடுங்கள் என்று கெஞ்சுகிறேன். காரணம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

புதுவருட ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் பிள்ளைப்பேற்று வசனமே வந்தது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த என் வீட்டுக்காரர்தான் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னார். மாமியார் அந்த அட்டையை எங்கள் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். அன்றும் இவர் தரையில் பாய் விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான்.

முகையூரில் நீயும் எனக்காக உபவாசம் இருக்கிறாயாம், அம்மா சொன்னாள். வேண்டாம், நீ சாப்பிடு.

உன் அக்கா