கண் மூடினால் கத்தும் டப்பா

அக்டோபர் 4

டப்பா இன்று ஒழுங்காகக் கத்தியது. பழைய போனின் கேமரா, ஒரு சின்ன ஒலிப்பான், இரண்டையும் அடக்கத் தேயிலை டப்பா — அவ்வளவுதான். ஓட்டுபவரின் கண் இரண்டு நொடி தெரியாவிட்டால் அலறும். புதுக் கார்களில் இதெல்லாம் கூடவே வருகிறதாம். எங்கள் மலையூர் நாரினில் ஓடும் ஓட்டை வேன்களுக்கு யார் போட்டுத் தருவார்கள்?

கடையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன், திறந்தேன், மூடினேன். போன் ரிப்பேருக்கு யாராவது வந்து பார்த்திருந்தால் விதவைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றிருப்பார்கள். யாரும் வரவில்லை.

என் புருஷன் அசமத் அன்று எவ்வளவு நேரம் கண்ணயர்ந்திருப்பான்? தோலோன் கணவாய் இறக்கத்தில், வண்டியில் தனியாக. எழுப்ப ஆளில்லை.

அக்டோபர் 9

துராத்தின் வேனில் மாட்டியாயிற்று. அசமத்தின் தம்பி, தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகும் அதே பாதை, அதே பிடிவாதம்.

"என் கண்ணை நான் பாத்துக்க மாட்டேனா அண்ணி?"

"உன் கண்ணை நீ எப்படிடா பாப்ப?"

சிரித்தான். இந்த வீட்டில் யாராவது சிரித்துக் கேட்டு நாளாயிற்று.

அக்டோபர் 12

துராத்திடமிருந்து போன் இல்லை.

அக்டோபர் 15

கழற்றி வைத்துவிட்டானாம்! சந்தையில் வேறொரு டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "சாய்ரா அக்கா, உங்க டப்பா பேயைப் பாத்தா கத்துதாமே?" சுற்றி நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை.

துராத்தைப் பிடித்தேன். மென்று விழுங்கினான். "கல்லறை வந்தாலே அலறுது அண்ணி. ஒரு பெரியம்மா, 'செத்தவங்களையும் நிம்மதியா இருக்க விடமாட்டியா, நீ விளங்குவியா'ன்னு சபிச்சிட்டு இறங்கிருச்சு."

பேயாவது பிசாசாவது. நாளை நானே ஏறிப் பார்க்கிறேன்.

அக்டோபர் 16

டப்பாவை மாட்டச் சொல்லி முன் இருக்கையில் உட்கார்ந்தேன். ஊர் தாண்டியதும் முதல் கல்லறைத் தோட்டம். துராத் ஸ்டியரிங்கை முழங்காலால் அணைத்துக்கொண்டு, இறந்தவர்களுக்காக வேண்டி இரண்டு கையாலும் முகத்தைத் தடவி "ஓமின்" என்றான். பின்னால் எல்லோரும் அப்படியே. டப்பா அலறியது.

கை மறைக்கிறது, கண் தெரியவில்லை, ஆகவே தூக்கம். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்கிறது.

கல்லறையைக் கடந்தால், சாப்பிட்டு முடித்தால், யாராவது வழியனுப்பினால் — முகம் தடவாத கிர்கீஸ்காரர் உண்டா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே, எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? தனியாகச் சாப்பிடுகிறேன். எழுந்து கிண்ணத்தைக் கழுவிவிடுகிறேன். எதிரில் ஆளில்லாமல் யாரோடு ஓமின் சொல்வது? பழக்கமே விட்டுப்போய்விட்டது. அழுவதற்குத் தவிர என் கை முகத்துக்குப் போய் எத்தனை நாள்...

அசமத்தின் கல்லறையும் அந்தப் பாதையில்தான். அங்கேயும் அலறியது. துராத் மெதுவாக, "அண்ணன் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பான்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 19

கேமராவுக்குப் பாடம் நடக்கிறது. நெற்றியிலிருந்து தாடைக்கு இறங்கும் கை தூக்கமல்ல. நாள் முழுக்க ஒற்றை ஆளாக ஓமின் சொல்கிறேன். கேட்டுக் கேட்டுக் கடவுளுக்கே அலுத்திருக்கும்.

அக்டோபர் 25

மறுபடி மாட்டினேன்.

"இந்தத் தடவை சும்மா கத்துச்சுன்னா ஆத்துல வீசிருவேன்."

"வீசு. அதுவரைக்கும் கழட்டாத."

நவம்பர் 2

கணவாயில் பனி. துராத் டப்பாவைக் கழற்றியிருப்பானோ? போன் போட்டுக் கேட்கக் கூடாது என்று இருந்தேன். போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். ஏன்டா எடுக்கமாட்டேங்குற?

நவம்பர் 3

துராத் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"நேத்து தூங்கிட்டேன் அண்ணி."

தோலோன் இறக்கத்தில். கண் திறந்தபோது வேன் எதிர்ப்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததாம், டப்பா அலறிக்கொண்டிருந்ததாம். பின்னால் வேன் நிறைய ஆட்கள், ஒரு கைக்குழந்தை. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேலேயே தலையை வைத்து அழுதிருக்கிறான்.

திட்டினேன். தூக்கம் வந்தா நிறுத்தத் தெரியாதா, வீட்டுல ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பான்னு நெனப்பு வேண்டாமா, அப்படி என்னடா அவசரம் — அசமத்தை நிற்க வைத்துத் திட்ட வேண்டியதையெல்லாம் இவனைத் திட்டினேன். தலையைக் குனிந்து, நான் ஓயும்வரை கேட்டுக்கொண்டே நின்றான்.