கொடிக்கம்பியில் சுற்றிய சீரியல் செட்

அன்பு மதினி ரோஸிக்கு,

நீ இல்லாமல் வந்திருக்கும் முதல் டிசம்பர் இது. நம் ராஜபாளையத்துத் தெருவில் வழக்கம்போல் தூறல், மலைப்பக்கம் முழுக்க மேகம். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஸ்டார் வேண்டாம் என்றார் உன் வீட்டுக்காரர். உன் மகள் ஜெனி கேட்கவில்லை. பரணில் ஏறி, நீ பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த ஸ்டாரையும் சீரியல் செட்டையும் இறக்கிவிட்டாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு சீரியல் செட் வாங்கி வந்த ஒரே ஆள் நீதான். நான் தேரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ தரைக்கடையில் இருப்பதிலேயே மலிவானதைப் பேரம் பேசிக்கொண்டிருந்தாய். திரும்பும்போது பால்கோவாவை என் மடியில் போட்டுவிட்டு, அந்த டப்பாவை மட்டும் நீ கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாய். பஸ்ஸில் எப்படிச் சிரித்தோம்!

உன் மாடிக்கும் பக்கத்து வீடான என் மாடிக்கும் நடுவே இழுத்துக் கட்டிய இரும்புக் கொடிக்கம்பியில் பதினோரு மாதம் துணி காயும். டிசம்பரில் அதிலேயே ஸ்டார் தொங்கும், கம்பி நெடுக சீரியல் செட் சுற்றியிருக்கும். கரண்ட் என் வீட்டு மாடி அறையிலிருந்து. பிளக் உடைந்த பிறகு வயரின் நுனியைப் பல்லால் உரித்து, பிளக் பாயிண்ட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் செருகி நிறுத்துவாய். ஒருமுறை விரலில் பட்டபோது உதறிக்கொண்டே சொன்னாய்: "லேசாச் சுள்ளுங்குது மதினி, ஆளையா தின்னுரும்?"

தின்னப் பார்த்தது, மதினி.

ஜெனியும் உன்னைப் போலவே தீக்குச்சி செருகித்தான் போட்டிருக்கிறாள். போன வாரம் விடிந்தும் விளக்கை அணைக்கவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, துவைத்த போர்வையைக் கொடியில் போட்டிருக்கிறாள். அலறல் கேட்டு நான் ஓடிப்போய் என் வீட்டு வாசலில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்தேன். உன் மாடிக்கு ஏறிப் பார்த்தால் பிள்ளை சுருண்டு கிடந்தாள். அந்த நிமிஷத்தில் உன்னைத்தான் கூப்பிட்டேன். உனக்குக் கேட்டதா?

ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உள்ளங்கையில் மட்டும் புண். வயரின் மேல்தோல் வெயிலில் வெடித்து, உள்ளே இருந்த கம்பி கொடியோடு ஒட்டியிருந்ததாம். கரண்ட் கசிந்தால் தானே அணைகிற டிரிப்பர் ஒன்றை இரண்டு வீட்டிலும் மாட்டச் சொன்னார் எலக்ட்ரீசியன். மாட்டிவிட்டோம்.

அவள் வீடு திரும்பிய அன்று சாயங்காலம் நான் கத்தரியை எடுத்து உன் சீரியல் செட்டைத் துண்டு துண்டாக நறுக்கினேன். முழுசாக விட்டால் இவள் ஒட்டுப்போட்டு மறுபடி எரியவிடுவாள் என்று தெரியும். அழுதுகொண்டேதான் நறுக்கினேன். ஜெனி கட்டுப்போட்ட கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா பாத்துப் பாத்து வச்சிருந்தது அத்தே. அதையும் அறுத்துட்டீகளே."

அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. குழம்பு கொடுத்துவிட்டால் கிண்ணம் மட்டும் திரும்பி வருகிறது.

கொடிக்கம்பியைக் கழற்றி நைலான் கயிறு கட்டியாயிற்று. உன் ஸ்டாரை இந்தப் பண்டிகைக்குள் நல்ல வயர், நல்ல பிளக் போட்டு நானே ஏற்றுவேன். வருஷா வருஷம் ஏற்றுவேன், இது சத்தியம். ஜெனி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகட்டும் மதினி. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபமாக இருக்கட்டும். இருக்கிறாளே, அது போதும் எனக்கு.

உன் மகளுக்கு அத்தையாகவே இருக்கப்போகும்,
பக்கத்து வீட்டு மதினி செல்வி