எங்கே என்று சொல்லிவிட்டுப் போனாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அடுத்த வரியைப் படித்ததும் நீ தேடப்போவது இதைத்தான்.

வாலு ஒரு பையனோடு வெளியே போகிறேன் என்கிறாள். சனிக்கிழமை. பகலில்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் நடுவில் எதையாவது மறைப்பேன். அதுவும் இல்லாமல், நம் வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் குளியலறையில் கேட்கிறது. அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். இப்போது சாப்பாட்டு நேரம். ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மோட்டார் ஓடும்போதெல்லாம் தரை அதிர்கிறது, எழுத்து கோணுகிறது. என் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்ளாதே.

அவள் ஒளிக்கவில்லை, அம்மா. துணி மடித்துக்கொண்டிருந்தோம். பெரிய போர்வை. இரண்டு முனை அவளிடம், இரண்டு முனை என்னிடம். "அண்ணா, சனிக்கிழமை நான் ஒருத்தன்கூட காபி குடிக்கப் போறேன். உன்கிட்ட கேக்கல, சொல்றேன்" என்றாள். என் பக்கத்து முனைகள் கீழே விழுந்துவிட்டன. "புடி அண்ணா, இப்பதான துவைச்சது" என்றாள்.

அவள் வகுப்புப் பையன். அவளைப் போலவே பதினேழு வயது. அவனுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உயரமாம். எனக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சினிமாவா என்றேன். "இருட்டுல உக்காந்து ரெண்டு பேரும் முன்னாடி பாத்துக்கிட்டு இருக்கவா? பேசத்தானே போறோம்" என்றாள். அவன் வண்டியில் போவாயா என்றேன். பஸ்ஸில் தனியாகப் போவாளாம், தனியாக வருவாளாம். அவன் வீட்டுக்குத் தெரியுமா என்றேன். தெரியுமாம். அவன் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "அந்தப் பொண்ணு அவங்க வீட்ல சொல்லிட்டாளா?" என்பதுதானாம். "அதுக்குத்தான் உன்கிட்ட சொல்றேன்னு நினைச்சுக்காத. அதுக்கு முன்னாடியே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

இடத்தையும் சொன்னாள். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வணிக வளாகம். மேல்தளத்தில் காபிக்கடை, கண்ணாடிச் சுவர், எப்போதும் கூட்டம். ஆறு மணிக்குள் வீடு.

அந்த வளாகத்து லிஃப்டுகளைப் பராமரிப்பது எங்கள் கம்பெனி.

இந்த வரியை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

வெளிநாட்டு வேலைக்கு நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில், "இனிமே அவளுக்கு எல்லாமே நீதான்டா" என்றாய். எல்லாம் என்றால் என்னென்ன என்று கேட்டிருக்க வேண்டும். வரிசை நகர்ந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் இப்போது என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் குரலே சரியாக ஞாபகம் வரவில்லை.

பையன்கள் தங்களுக்குள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அந்த பெஞ்சில் அதற்கு என்னென்ன அர்த்தம் கற்பிப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அவள்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த பெஞ்சின்மேல்தான்.

இரவு ஷிஃப்டு முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

உன் மகன்.


அன்புள்ள அம்மாவுக்கு,

அவள் நலம். முழுசாக நலம். மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி.

உன் பதிலில் முதல் வரி, "போகட்டும்." அதற்குக் கீழே ஒரு பக்கம் கவலை. கடைசி வரி, "நீ பின்னாடியே போய் நிக்காதடா." அதைப் படித்தபோது அந்த வளாகத்தின் மாதாந்திரப் பராமரிப்பை நான் ஏற்கெனவே சனிக்கிழமைக்கு மாற்றி வாங்கியிருந்தேன். என்னோடு வேலை செய்பவர், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுவோமே, அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லீவு நாள்ல வேலை கேட்டு வாங்குற. காதலா, கிறுக்கா?" என்றார். தங்கை என்று நான் சொல்லவில்லை.

அங்கே இரண்டு லிஃப்டுகள். இரண்டும் ஏறி இறங்குவது ஒரே குழியில், நடுவில் சுவர் கிடையாது. ஒன்றை நிறுத்திவிட்டு அதன் கூரைமேல் நின்று நான் வேலை பார்ப்பேன். மற்றது ஆட்களை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் போய்வரும். ஸ்பேனர் மேலே மோட்டார் அறையில் இருப்பார். பேச்செல்லாம் வாக்கிடாக்கியில். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நிறுத்து என்றால் மற்றவர் முதலில் நிறுத்திவிடுவார். ஏன் என்ற கேள்வி அப்புறம்தான். கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் ஒரு கை போயிருக்கும்.

குழிக்குள் நின்றேன். இருட்டு. எண்ணெய் வாசனை. பக்கத்து லிஃப்ட் கடக்கும்போது காற்றுத் துளை வழியாக இரண்டு மூன்று சொற்கள் சிந்தும். ஒரு குழந்தைக்கு பலூன் வேண்டும். யாருக்கோ புதுச் செருப்பு கடிக்கிறது. அப்புறம் மேலேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வாலு. முடிவில் ஒரு விக்கல் விழுமே, அந்தச் சிரிப்பு. அதன் பின்னால் உடைந்தும் உடையாத ஒரு ஆண் குரல்.

"உன் கையைப் புடிச்சுக்கலாமா?"

லிஃப்ட் என்னைக் கடந்து கீழே போய்விட்டது.

பதில் கேட்கவில்லை, அம்மா. சிரிப்பு நின்றிருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாக்கிடாக்கியை எடுத்து, "பக்கத்துல ஓடுறதை நிறுத்துங்க" என்றேன். ஸ்பேனர் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினார்.

நின்ற பிறகுதான் உறைத்தது. மூடிய பெட்டி. வேறு குரல் கேட்கவில்லை, உள்ளே அவளும் அவனும் மட்டும். இறங்க வழியில்லை. எதை நினைத்து வாரம் முழுக்கத் தூக்கம் கெட்டேனோ, அதை நானே செய்து வைத்திருக்கிறேன்.

ஓட்டுங்க, ஓட்டுங்க என்று கத்தினேன். அப்படித் திடீரென்று நிறுத்தியது உடனே கிளம்பாது. எனக்கே தெரியும். ஆனாலும் கத்தினேன். கூரையிலிருந்து வெளியே ஏறி, படியில் ஓடி, முதல் தளத்தில் கதவைச் சாவி போட்டுத் திறந்தேன். லிஃப்ட் தளத்துக்கு ஒரு முழம் கீழே நின்றிருந்தது.

கதவுப் பக்கம் வாலு, தரையில் சம்மணம் போட்டு. தூர மூலையில் அவன், சுவரோடு முதுகை ஒட்டி, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு. ஒட்டடைக்குச்சியேதான், பொய் இல்லை. தெப்பமாக வியர்த்திருந்தான். மூடிய இடம் என்றால் அவனுக்கு ஆகாதாம். அவள் அவனுக்குக் கணக்கு வாத்தியார் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள், பயம் தெரியாமல் இருக்க. நான் கையை நீட்டினேன். அவன், "நீ முதல்ல ஏறு" என்றான் அவளிடம். அவள் என் கையைத் தொடாமல் தானே ஏறினாள். பிறகு அவன் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏறினான். சின்னப் பிள்ளையின் கை மாதிரி ஈரம். "ரொம்ப நன்றி சார்" என்றான்.

"சார் இல்ல. எங்க அண்ணன்" என்றாள் வாலு.

அவன் கையை விடவும் மறந்து நின்றான்.

ஸ்பேனர் இறங்கி வந்து ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று கேட்டார். சத்தம் கேட்டது என்றேன். என்ன சத்தம் என்றார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி மோட்டார் அறைக்கு ஏறிப் போனார்.

வீட்டில் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அவன் கேட்டான். நான் இன்னைக்கு வேண்டாம்னேன். சரின்னுட்டு கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டான். அப்பதான் லிஃப்ட் நின்னுச்சு" என்றாள். நான் கேட்காமலேயே சொன்னாள். எனக்குக் கேட்காமல் போன பதில் அதுதான்.

உள்ளே போகப் போனவள் நின்றாள்.

"நான் உன்கிட்ட இடத்தைச் சொன்னது நீ வர்றதுக்கு இல்லண்ணா. நான் வரலைன்னா எங்க தேடணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குத்தான்."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். அதன் பிறகு ஒரு வாரமாக எல்லாம் வழக்கம்போலத்தான் பேசுகிறாள். பால் தீர்ந்துவிட்டது. நாளைக்குத் தேர்வு. குழாய் ஒழுகுகிறது. எல்லாம் சொல்கிறாள். எதையும் சொல்லவில்லை.

இன்று மறுபடி சனிக்கிழமை. மதியம் கிளம்பினாள். ஆறு மணிக்குள் வந்துவிடுவேன் என்றாள். போனில் முழுச் சார்ஜ் இருப்பதைக் காட்டினாள். எங்கே என்று சொல்லவில்லை. வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், நான் கேட்பேனா என்று. "குடை எடுத்துக்கோ" என்றேன். "வெயில் அடிக்குது" என்றாள். ஆனாலும் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் போர்வையை நான் தனியாக மடிக்கப் பார்த்தேன். ஒரு முனையைப் பிடித்தால் இன்னொன்று தரையில் கிடக்கிறது. அப்படியே சுருட்டி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. இன்னும் மணி நாலுகூட ஆகவில்லை.

கிளம்பும் முன்னால் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அது உனக்கு எழுதியதாக இருக்கலாம். இருக்க வேண்டும்.

நீ தூங்கி எழுந்ததும் இதைப் பார்ப்பாய். எங்கே போகிறாள் என்று அவள் உனக்குச் சொல்லியிருந்தால், அந்த இடத்தை எனக்குச் சொல்லாதே, அம்மா. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. உனக்குத் தெரியும் என்று மட்டும் ஒரு வார்த்தை அனுப்பு.

உன் மகன்.